எஃப்எஸ்ஐ ரெண்டுன்னு சொன்னாங்க: மாம்பலத்துல தாத்தா வீட்டை இடிச்ச கதை

சென்னைல பழைய ஏரியாவுல, அதாவது மாம்பலம், பெரம்பூர், நங்கநல்லூர், அடையாறு, கேகே நகர் மாதிரி எடத்துல ஒரு கிரவுண்டு அரை கிரவுண்டுல தனி வீடு வெச்சிருக்கீங்களா, வாரத்துக்கு ஒரு புரோக்கர் வாசல்ல நின்னு "ஜேவி குடுக்கற ஐடியா இருக்கா"ன்னு கேக்கறாரா (ஜேவின்னா நெலம் நம்மளது, கட்டறது பில்டர், கட்டின ஃப்ளாட்ட ரெண்டு பேரும் பிரிச்சுக்கறது), அப்போ அவரோட பேசறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. எனக்கு இதெல்லாம் சொல்ல யாரும் இல்ல. அப்பா போயிட்டாரு, அண்ணன் கனடால, அம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு, நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கணக்கு தெரிஞ்சவளாலயே இந்தக் கணக்கு புரியறதுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, கையிலேர்ந்து பன்னண்டு லட்சம் கிட்ட போச்சு.

வீடு மேற்கு மாம்பலத்துல. தாத்தா அம்பதுகள்ல கட்டினது. மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரம், முன்னாடி திண்ணை, பின்னாடி கிணறு, கிணத்துக்குப் பக்கத்துல ஒரு போர்ஷன். அந்த போர்ஷன்ல ஒரு வயசான அம்மா தனியா இருந்தாங்க, ஊறுகாய் வத்தல் போட்டு விப்பாங்க, வாடகை ரொம்ப கம்மி, அப்பா ஏத்தவே இல்ல. வீட்டுக்கு வயசானது பிரச்சனையே இல்ல, ரோடுதான் பிரச்சனை. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்ட சுரண்டாம அதுமேலயே தார் போட்டு போட்டு, ஒரு காலத்துல மூணு படி ஏறி போன வீட்டுக்குள்ள இப்ப ஒரு படி எறங்கி போகணும். 2015 வெள்ளத்துல தண்ணி வந்துச்சு, சரி அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு நெனச்சோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ மறுபடி முழங்கால் அளவு தண்ணி, கரண்ட் இல்ல, அம்மா கட்டில் மேல உக்காந்துகிட்டு ரெண்டு ராத்திரி. பக்கத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் இருக்கே, அந்த லேக் எங்க போச்சுன்னு யாராவது கேட்டோமா, நீளமா கிடந்த பழைய ஏரியோட படுகைல, கரையில எல்லாம்தான் இந்தப் பக்கமே எழும்பியிருக்கு, தண்ணிக்கு அது ஞாபகம் இருக்கு போல. அந்த வாரமே அம்மா "போதும், இடிச்சுடலாம்"னு சொல்லிட்டாங்க.

இடிச்சுட்டு என்ன கட்டறது? இங்கதான் அந்த மாத்தின ரூல்ஸ் உள்ள வருது. 2019 பிப்ரவரில தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சாதாரண கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5, அத 2 ஆக்கினாங்க. எஃப்எஸ்ஐனா ஒண்ணும் இல்ல, மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு. ஸ்டில்ட்ல, அதாவது வீட்டுக்கு அடியில வெறும் தூண் மட்டும் நிக்கற தரைமட்டத்துல, கார் நிறுத்தற எடம் அதுல சேராது. ஹை-ரைஸ், அதாவது உயரமான பலமாடிக் கட்டடம்ங்கற தனி வகைக்குப் போகாம கட்டக்கூடிய உயரமும் 18.3 மீட்டர் வரைக்கும் போச்சு. இதுனாலதான் எங்க தெருவுல வரிசையா தனி வீடெல்லாம் ஸ்டில்ட் ப்ளஸ் த்ரீ, ஸ்டில்ட் ப்ளஸ் ஃபோர்னு மாறிச்சு. பழைய ஏரியாவுல நிறைய குடும்பம் இருக்கற மாதிரி கட்ட விடறது நல்ல விஷயம்னுதான் நான் இப்பவும் சொல்லுவேன், ஸ்டேஷன் நடக்கற தூரத்துல இருக்கற எடத்த விட்டுட்டு எல்லாரும் கூடுவாஞ்சேரி தாண்டித்தான் போகணுமா என்ன. ஆனா ரூல்ல எழுதியிருக்கற நம்பர் வேற, உங்க மனைல எழும்பற கட்டடம் வேற. நடுவுல இருக்கற வித்தியாசத்துலதான் நம்ம பணம் காணாம போகுது.

பில்டர் வந்தாரு, நல்லா பேசினாரு. பேர் வேண்டாம். "மேடம், பத்திரத்துல 2,160 சதுர அடி, எஃப்எஸ்ஐ ரெண்டு, 4,320 அடி, காமன் ஏரியா எல்லாம் சேத்து ஆறு ஃப்ளாட், உங்களுக்கு மூணு எனக்கு மூணு, பிஃப்டி பிஃப்டி, மேல பத்து லட்சம் குட்வில்"னு ஒரு வெள்ள பேப்பர்ல எழுதியே காட்டினாரு. குட்வில்னா ஃப்ளாட்டுக்கு மேல நம்ம கைல அவர் குடுக்கற பணம். ஒரு ஃப்ளாட் 900 அடின்னாரு. ஆறு தொள்ளாயிரம் 5,400 ஆச்சே, 4,320 தானே கட்ட முடியும்னு கேட்டேன். "அது சேலபிள் ஏரியா மேடம்"னாரு. இத நல்லா புரிஞ்சுக்கோங்க. அப்ரூவல்ல வர்ற கட்டட பரப்பு ஒண்ணு, படிக்கட்டு லிஃப்ட் வராண்டா பங்கெல்லாம் ஏத்தி விக்கற சேலபிள் ஏரியா ஒண்ணு, சுவத்துக்குள்ள நம்ம காலு படற கார்பெட் ஏரியா ஒண்ணு. அக்ரிமெண்ட்ல உங்க பங்கு கார்பெட் ஏரியால எழுதியிருக்கணும். "மூணு ஃப்ளாட்"னு எண்ணிக்கைல எழுதினா எத்தன அடி ஃப்ளாட்டுன்னு கேக்க முடியாது, "அம்பது பர்சண்ட்"னு மட்டும் எழுதினா எதுல அம்பதுன்னு கேக்க முடியாது.

அடுத்தது டாக்குமெண்ட். பத்திரத்துல 2,160. டவுன் சர்வே, அதாவது சர்க்கார் நில அளவைப் பதிவு, எடுத்து பாத்தா 2,085. கயிறு புடிச்சு அளந்தா அதவிட ஒரு சொட்டு கம்மி, பின்பக்க காம்பவுண்ட் சுவர் எப்பவோ உள்ள நகர்ந்து வந்திருக்கு. பிளான் போடறப்ப பத்திரம், பட்டா, நேர்ல அளந்தது இந்த மூணுல எது கம்மியோ அதத்தான் எடுத்துக்கணும்னு நான் அப்புறம் புடிச்ச இன்ஜினியர் சொன்னாரு. அந்த 75 அடி போனா ரெண்டு மடங்குல 150 அடி போச்சு, ஒரு பெட்ரூம் அளவு. சர்வேயர வெச்சு அளந்து, டவுன் சர்வே நகல் வாங்கி கைல வெச்சுகிட்டு அப்புறம்தான் பில்டர்கிட்ட ரேஷியோவே பேசணும். அதோட பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருந்துச்சு. தாத்தா உயில் எழுதல. அப்படின்னா அப்பாவுக்கு மட்டும் இல்ல, ரெண்டு அத்தைக்கும் சம பங்கு. பெரிய அத்தை திருச்சில, சின்ன அத்தை இங்கயே பழவந்தாங்கல்ல.

அத்தைங்ககிட்ட போய் விடுதலைப் பத்திரத்துல, அதாவது அவங்க பங்க விட்டுக் குடுக்கற பத்திரத்துல, கையெழுத்து கேக்கறது இருக்கே, அத எழுத கூட எனக்கு கஷ்டமா இருக்கு. பெரிய அத்தை ஒண்ணும் சொல்லல, காபி குடுத்தாங்க, "எங்க அப்பா வீடு தானேடி, எனக்குன்னு ஒரு ரூமாவது வெப்பியா, பண்டிகைக்கு வந்தா எங்க எறங்கறது"ன்னு மட்டும் கேட்டாங்க. அவங்க பிள்ளைங்க வேற மாதிரி கேட்டாங்க, நியாயம்தான், மாம்பலத்துல நெலம் என்ன வெலைன்னு அவங்களுக்கும் தெரியும். கடைசில ரெண்டு அத்தைக்கும் ஒரு தொகைன்னு பேசி அண்ணன் அனுப்பினான். குடும்பத்துக்குள்ள விடுதலை, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை இதுக்கெல்லாம் ஸ்டாம்ப் ட்யூட்டி மதிப்புல ஒரு பர்சண்ட் ஆனா அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் ஒரு பர்சண்ட் அதிகபட்சம் 10,000, 2023 ஜூலைலேர்ந்து இந்த அளவு. முன்னாடி இதவிட கம்மி. வீட்டுல பெரியவங்க இருக்கறப்பவே இத முடிச்சு வெச்சுடுங்க. வாரிசு சான்று, பட்டா பேர் மாத்தம், வில்லங்கம் இதெல்லாம் எடுக்கவே மாசக்கணக்கு ஆகும். அந்த மாசமெல்லாம் பில்டர் "உங்களாலதான் லேட்டு"ன்னு சொல்லிகிட்டே இருப்பாரு, அப்புறம் அவர் லேட் பண்ணும்போது உங்க வாய அடைக்க அதுதான் அவருக்கு பதில்.

பவர் பத்திரம் வந்துச்சு. பில்டருக்கு ஜெனரல் பவர் குடுக்கணும்னாரு. குடும்பத்துக்கு வெளிய ஆளுக்கு பவர் குடுத்தா 2023 ஜூலை 10லேர்ந்து சொத்து மதிப்புல ஒரு பர்சண்ட் கட்டணம், முன்னாடி மாதிரி பத்தாயிரத்தோட முடியாது. ஒண்ணரை லட்சத்துக்கு மேல வந்துச்சு, அத ஓனர்தான் கட்டணும்னு அக்ரிமெண்ட்ல ஒரு மூலைல இருந்துச்சு. பணத்த விட முக்கியமானது பவர்ல என்னென்ன எழுதறோம்ங்கறது. பிளான் அப்ரூவலுக்கு கையெழுத்து போடற பவர் ஒண்ணு, அவரோட பங்கு யூடிஎஸ்ஸ, அதாவது ஃப்ளாட்டோட சேர்ற பிரிக்காத நெலப் பங்க, விக்கற பவர் இன்னொண்ணு. இது ரெண்டையும் ஒரே பத்திரத்துல ஒரே நாள்ல குடுக்காதீங்க. விக்கற பவர் கட்டடம் எழும்ப எழும்ப, அதாவது கூரை போட்டதுக்கு அப்புறம் இத்தன பங்கு, உங்க சாவி உங்க கைல வந்ததுக்கு அப்புறம் மீதின்னு படிப்படியா போகணும். பில்டர் செலவு பண்ண ஆரம்பிச்சுட்டார்னா அந்த பவர நீங்க நெனச்ச மாத்திரத்துல ரத்து பண்ண முடியாது, அவருக்கும் அதுல உரிமை வந்துடும். எங்க வக்கீல் ஒரு பொம்பள, சின்ன வயசு, அவங்கதான் புடிவாதமா விக்கற பவர தனியா பிரிக்க வெச்சாங்க. பில்டருக்கு ரொம்ப கோவம். இன்னிக்கு நெலம் எங்க கைல இருக்குன்னா அந்த ஒரு காரணம்தான்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) இருக்கே, பயம் என்னன்னு அண்ணன் போன்ல கேட்டான். நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெரால பதிவு பண்ண வேண்டியதுன்னா 500 சதுர மீட்டருக்கு மேல நெலம் இருக்கணும், வீடும் எட்டுக்கு மேல இருக்கணும். எங்க மனை 200 சதுர மீட்டர் கூட இல்ல. ஒரு கிரவுண்டே 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர்தான். அப்ப பழைய ஏரியாவுல இந்த மாதிரி ஒத்த மனைல நடக்கற நாலு வீடு ஆறு வீடு வேலை எதுவுமே ரெரா பதிவுக்குள்ள வராது. தனி அக்கவுண்ட்ல பணம் போடணும், தேதி சொல்லணும் அப்படிங்கற எந்த கட்டாயமும் அவருக்கு கெடையாது. உங்களுக்கு இருக்கற ஒரே ரெரா உங்க அக்ரிமெண்ட் பேப்பர்தான், அதனால வக்கீல் ஃபீஸ்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

இப்ப நடந்தத சொல்றேன். அக்ரிமெண்ட் 2024 ஆரம்பத்துல. "அப்ரூவல் வந்துடும் மேடம், நீங்க காலி பண்ணுங்க, இடிக்க ஆள் ரெடி"ன்னாங்க. அம்மாவ அசோக் நகர்ல ஒரு வாடகை வீட்டுக்கு மாத்தினோம், மாசம் 24,000, அத பில்டர் குடுக்கணும்னு பேச்சு. பின் போர்ஷன் அம்மா தன் அண்ணன் பையன் வீட்டுக்கு காட்டாங்குளத்தூர் பக்கம் போனாங்க. அட்வான்ஸோட மேல கொஞ்சம் பணம் குடுத்தோம், வாங்கிகிட்டாங்க, ஆனா அந்த வத்தல் வாங்கற கஸ்டமரெல்லாம் மாம்பலத்துல, அவங்க அங்க போய் என்ன பண்ணுவாங்க. இத பத்தி நான் ரொம்ப யோசிச்சேன், இன்னமும் பதில் இல்ல. இடிக்கற அன்னிக்கு தேக்கு உத்தரம், ஜன்னல், கதவு, பித்தள கொண்டி எல்லாம் லாரில ஏறி போச்சு. இடிக்கறவங்க ஓனருக்கு பணம் குடுத்துட்டுதான் அந்த மரத்த எடுப்பாங்கன்னு எனக்கு பக்கத்து வீட்டு மாமா சொல்லித்தான் தெரியும், எங்களோடத பில்டர் வாங்கிகிட்டாரு, மூணு லட்சத்துக்கு கொறையாதுன்னு அந்த மாமா சொன்னாரு. பழைய மரம், இரும்பு யாருக்குன்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி எழுதுங்க. அதவிட முக்கியமா, அப்ரூவலான பிளான் கைல வராம வீட்ட காலி பண்ணாதீங்க. வீடு நிக்கற வரைக்கும்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. தரமட்டமானதுக்கு அப்புறம் அவருக்கு அவசரம் இல்ல, வாடகை குடுக்கற நமக்குத்தான் அவசரம்.

பிளான் வந்தப்ப ஆறு ஃப்ளாட் நாலு ஃப்ளாட் ஆயிருந்துச்சு. காரணம் எந்த ஆபீஸும் இல்ல, மனையோட அகலம். முப்பது அடி அகலத்துல முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் எடம் விட்டா ஒரு தளத்துக்கு 1,170 அடி கிட்டத்தான் நிக்குது. ஸ்டில்ட் மேல மூணு தளம் போட்டா 3,500. ரெண்டு மடங்கு எஃப்எஸ்ஐ அனுமதிச்சாலும் அத தொடணும்னா நாலாவது தளம் வேணும், உயரம் ஏறினா விட வேண்டிய எடமும் ஏறும், அப்ப தளம் இன்னும் சின்னதாகும். ஒரு பக்கம் இழுத்தா மறுபக்கம் கால் வெளிய வர்ற போர்வ மாதிரி. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி மாதிரி தொடர் கட்டடப் பகுதின்னு குறிச்ச எடத்துல சுவரோட சுவர் ஒட்டி கட்டலாம், அங்க சின்ன மனைக்கும் கட்டுபடியாகும். எங்க தெரு அதுல வரல. "ப்ரீமியம் எஃப்எஸ்ஐ காசு கட்டி வாங்கிக்கலாம்"னு பில்டர் முதல்ல அடிச்சு விட்டாரே, அதுக்கு ரோடு கொறஞ்சது 9 மீட்டர் அகலம் இருக்கணும், எங்க தெரு இருபது அடி. இது அவருக்குத் தெரியாதுன்னு நான் நம்பல. நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, பில்டர் வர்றதுக்கு முன்னாடியே நீங்களா ஒரு ஆர்க்கிடெக்ட்ட புடிச்சு, பதினஞ்சு இருபதாயிரம் குடுத்து, இந்த மனைல இந்த ரோட்டுக்கு என்ன எழும்பும்னு ஒரு வரைபடம் போட்டு வாங்கிக்கோங்க. ஏர்போர்ட் பக்கம்னா உயர கட்டுப்பாடு, பெசன்ட் நகர் திருவான்மியூர் கடலோரப் பக்கம்னா கடற்கரை ஒழுங்குமுறை கட்டுப்பாடுன்னு ஏரியாவுக்கு ஒண்ணு இருக்கு. அதோட மண் பரிசோதனையும் பண்ணிடுங்க. எங்களோடது களிமண், பைல் (அஸ்திவாரத்துக்கு ஆழமா எறக்கற கான்கிரீட் தூண்) போட்டே ஆகணும், அந்த செலவ பில்டர் அப்புறமா "எதிர்பாராதது"ன்னு கொண்டு வந்து வெச்சாரு. ஏரிப் படுகைல களிமண் எதிர்பாராததாம்.

நாலு ஃப்ளாட் ஆனதும் "பிஃப்டி பிஃப்டி கட்டாது, எனக்கு அறுபத்தஞ்சு குடுங்க, இல்லன்னா மேல ஒரு ஃப்ளோர் போட்டுக்கலாம், எல்லாரும் பண்றாங்க, அப்புறமா ரெகுலரைஸ் ஆயிடும்"னாரு. ஆகாது. 2007 ஜூலை 1க்கு முன்னாடி கட்டினதுக்குத்தான் அந்த வரன்முறைத் திட்டமே. இப்ப விதி மீறி கட்டினா பூட்டி சீல் வெக்கறது, இடிக்க சொல்றதுதான், அதுவும் நோட்டீஸ் வர்றது நெலத்துக்காரங்க பேருக்கு. அந்த மேல் ஃப்ளோர்ல ஃப்ளாட் வாங்கினவங்களுக்கு பேங்க் லோனும் கெடைக்காது. 750 சதுர மீட்டருக்குள்ள இருக்கற சின்ன ரெசிடென்ஷியல் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று விலக்கு இருக்குன்னு சொல்லி "யாரு வந்து பாக்கப் போறா"ன்னு பேசுவாங்க, நம்பாதீங்க, சான்று வாங்க வேண்டாம்னா பிளான மீறலாம்னு அர்த்தம் இல்ல. நான் முடியாதுன்னுட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை பணம் நின்னுச்சு. போன் எடுக்கல. காலி மனைல மழ தண்ணி தேங்கி கொசு, பக்கத்து வீட்டுக்காரங்க என்கிட்ட சண்ட.

அந்த சமயத்துல அண்ணன்கிட்ட பேசறப்ப ஒரு வேடிக்கையான விஷயம். அவன் இருக்கறது எட்மண்டன். அங்க 2024 ஜனவரி 1லேர்ந்து புது விதி, தனி வீடு மட்டும் இருந்த பழைய குடியிருப்புத் தெருவுலயும் ஊர் முழுக்க வரிசை வீடு, சின்னச் சின்ன அடுக்கு வீடெல்லாம் கட்டலாம், 75 சதுர மீட்டருக்கு ஒரு வீடுன்னு கணக்கு, ஒரு மனைல எட்டு வரைக்கும் போகலாம்னு அப்ப இருந்துச்சு. அங்கயும் அதே சண்டையாம், கார் எங்க நிறுத்தறது, மரத்த வெட்டிட்டான், எங்க வீட்டு வெயில மறைக்கறான். (அவங்களுக்கு வெயில் வேணுமாம்!) அவன் சொன்னதுல எனக்கு உறைச்சது வேற. அங்க பேச்சு எத்தன குடும்பம், என்ன மாதிரி வீடுங்கறது. இங்க எங்ககிட்ட வந்தவங்க யாரும் வீடு பத்தி பேசல, சதுர அடி பத்தித்தான் பேசினாங்க. நான் பில்டர்கிட்ட முதல்லயே கேட்டேன், சின்னதா ஒரு பெட்ரூம் வீடு ரெண்டு மூணு வெக்கலாமே, தனியா இருக்கற வயசானவங்க, வேலைக்கு வந்த பசங்க, பொண்ணுங்க இருப்பாங்களேன்னு. "அதுக்கு மார்க்கெட் இல்ல மேடம்"னு ஒரே வார்த்தை. பழைய மாம்பலத்துல திண்ணை ரூம், மாடி ரூம், பின் போர்ஷன்னு எல்லா வருமானத்துக்கும் ஒரு மூலை இருந்துச்சு. எஃப்எஸ்ஐ ஏத்தினதுக்கு அப்புறம் எங்க தெருவுல வந்தது பூராவும் ஒரே அச்சு, கோடிக்கு மேல வெலை. நம்ம விதில தப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன், எங்கள மாதிரி மனைல எவ்ளோ கட்டலாம்னு சொல்லுதே தவிர சின்ன வீடும் கட்டணும்னு சொல்லல. ஆனா சின்ன வீட்டுக்கு தடையும் போடல. பார்க்கிங் கணக்கு வீட்டோட அளவ வெச்சுத்தான், சின்ன வீட்டுக்கு கார் எடம் கம்மியாத்தான் கேக்கறாங்க.

அப்பதான் ஜேவியே வேண்டாம்னு முடிவு பண்ணோம். வக்கீல் மூலமா பேசி, குட்வில் பத்து லட்சத்த திருப்பிக் குடுத்து, பிளான் செலவுன்னு அவர் நீட்டின பில்லுல பாதிய கட்டி, ரெண்டு பேரும் சேந்து ரத்துப் பத்திரம் போட்டு, பவரையும் ரத்து பண்ணி பதிவு பண்ணோம். நின்னு போன வாடகை, பழைய மரம், பவர் கட்டணம், வக்கீல், பிளான் எல்லாம் கூட்டித்தான் அந்த பன்னண்டு லட்சம், குட்வில் இதுல சேரல. அம்மா ஒரு வார்த்த சொல்லல. ஆனா ராத்திரி லைட் போட்டுகிட்டு உக்காந்திருப்பாங்க, அது எனக்கு அடிச்ச மாதிரி இருக்கும். ஸ்கூல்ல பேப்பர் திருத்தறப்ப கை நடுங்கி மார்க் தப்பா கூட்டியிருக்கேன்.

நாங்களே கட்டறோம்னு முடிவான உடனே விஷயம் சுலபமாச்சு, சொன்னா நம்ப மாட்டீங்க. ஸ்டில்ட், மேல ரெண்டே தளம். முதல் தளத்துல ரெண்டு ஒரு பெட்ரூம் வீடு, ஒண்ணு அம்மாவுக்கு. ரெண்டாவது தளத்துல எனக்கு ஒரு ரெண்டு பெட்ரூம், பக்கத்துல தனி வாசலோட ஒரு ஒத்த ரூம் வீடு. சின்ன லிஃப்ட். லேபர் காண்ட்ராக்ட் இல்லாம மெட்டீரியலோட காண்ட்ராக்ட், பைல், லிஃப்ட் எல்லாம் சேத்து 85 லட்சம் கிட்ட ஆச்சு, அண்ணன் ஒரு பங்கு, என் பேர்ல ஹவுசிங் லோன், அம்மாவோட டெபாசிட். எஃப்எஸ்ஐல அனுமதிச்சதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் கட்டியிருக்கோம். புரோக்கருங்க இன்னமும் "வேஸ்ட் பண்ணிட்டீங்களே"ங்கறாங்க. உங்களுக்கு இதவிட சின்ன தேவைன்னா, 2024 ஜூலைல சுயசான்று முறை வந்துச்சு, வந்தப்ப 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும்னா ஆன்லைன்லயே உடனடியா அனுமதி. நாங்க வெள்ளத்துக்கு பயந்து ஸ்டில்ட் வேணும்னதால சாதாரண வழில போனோம். எங்கள மாதிரி சின்ன கட்டடத்துக்கு உள்ளாட்சி அளவுலயே அப்ரூவல் முடிஞ்சுடும், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வரைக்கும் போக வேண்டாம். இந்த வழிய எந்த புரோக்கரும் சொல்ல மாட்டாரு, இதுல அவருக்கு கமிஷன் கெடையாது.

அக்கம்பக்கம் பத்தி ஒண்ணு சொல்லணும். பைல் எறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்து வீட்டு சுவரையும் உள்ளயும் வெளியயும் தேதியோட போட்டோ எடுத்து, அவங்களுக்கே வாட்ஸப்ல அனுப்பிட்டேன். அப்புறம் ஒரு வீட்டுல விரிசல் விட்டுச்சு, எது புதுசு எது பழசுன்னு சண்டையே வரல, புதுச நாங்க பூசிக் குடுத்தோம். எங்க கிணத்த மூடல, மழ நீர் சேகரிப்ப அதுக்கே திருப்பி விட்டோம். கழிவுநீர் லைன் பழசு, தெருவுல ஒவ்வொரு வீடும் நாலு வீடாச்சுன்னா அது எப்படி தாங்கும்னு பக்கத்து வீட்டு மாமா கேட்டுகிட்டே இருக்காரு. அவர் கேக்கறதுல நியாயம் இருக்கு. விதிய மாத்தினவங்க குழாய மாத்தலன்னா கீழ் வீட்டுக்காரங்க வாசல்லதான் அது பொங்கும்.

ஒருவேள நீங்க ஜேவிக்குத்தான் போறீங்கன்னா இன்கம் டாக்ஸ் விஷயத்த ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. குட்வில்னு கைல வர்ற பணத்துல பத்து பர்சண்ட் டிடிஎஸ் புடிக்கணும். தனி நபருக்கு நெலம் குடுத்ததுக்கான கேப்பிடல் கெயின் பொதுவா கட்டடம் முடிஞ்சு சான்று வர்ற வருஷம்தான் விழும், ஆனா அதுக்கு முன்னாடியே உங்க பங்கு ஃப்ளாட்ட வித்துட்டீங்கன்னா வித்த வருஷமே விழும். எங்களோடது ரத்தானதுல இந்தக் குழப்பத்த பிரிக்கவே ஆடிட்டர் தனியா பில் போட்டாரு.

வீடு முடிஞ்சு அம்மா குடி வந்துட்டாங்க. ஒத்த ரூம் வீட்டுல பக்கத்து ஆஸ்பத்திரில வேல பாக்கற ஒரு நர்ஸ் பொண்ணு இருக்கு. பின் போர்ஷன் அம்மாவ கூப்பிட்டேன், வாடகை பழைய அளவுக்கே வாங்க முடியாது, லோன் இருக்கு, கொஞ்சம் கொறச்சு சொன்னேன், அதுவும் அவங்களுக்கு கட்டல, வரல. பெரிய அத்தை பொங்கலுக்கு வந்து அம்மா வீட்டு ஹால்ல பத்து நாள் தங்கிட்டு போனாங்க. பழைய மரத்துக்கான காசும் நின்னு போன வாடகையும் கேட்டு பில்டருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு, இதுவரைக்கும் பதில் இல்ல.